எட்டாம் நாள் படைத்த சுறா வறை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் போன டிசம்பரில் லண்டன் மனோர் பார்க்கில் இது நடந்தது நடந்ததுதான். யோகலிங்கம் பேய்க்குப் பயந்த ஆள் இல்லை. வரி கேட்டு வரும் கவுன்சில் கடிதத்துக்கு மட்டுமே பயப்படுவார். கதை கட்டவும் அவருக்குத் தெரியாது.

அவருடைய தம்பி ரதீசன் ஆஸ்திரேலியாவில், பெர்த்துக்குப் பக்கத்துக் கடலில் நீந்தப் போனான். காலை 7.20க்கு வெள்ளைச் சுறா ஒன்று அவனை இழுத்துக்கொண்டு போனதைக் கரையில் நின்ற மூன்று பேர் பார்த்தார்கள். தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. எரிக்க ஒரு நகமாவது தேடித் தாருங்கள் என்று யோகலிங்கம் தினமும் அங்குள்ள பொலிசுக்குப் போன் எடுத்தார். அழுகை வரவில்லை. மனம் மரத்துப்போயிருந்தது.

எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டும். படைத்ததும் அறைக் கதவைச் சாத்திவிட வேண்டும். வருகிறவர் ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று. "ரதீசனுக்கு என்ன விருப்பம்?" என்று மனைவி பாலாம்பிகை கேட்டாள். மனிதர் யோசிக்கவேயில்லை. கடைக்குப் போய் மீன் வாங்கி வந்து கொடுத்தார். அவளும் எட்டு நாள் நித்திரை இல்லாதவள். அவித்தாள், உதிர்த்தாள், மஞ்சளும் தேங்காய்ப்பூவும் போட்டு வறுத்தாள்.

ரதீசனின் படத்துக்கு முன் வாழை இலை. சோறு, கத்தரிக்காய்க் கறி, நடுவில் அந்த வறை. மாலை 4.05. வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் பாலாம்பிகையின் கை வாய்க்குப் போனது.

"இஞ்சேருங்கோ... நாங்கள் படைச்சது சுறா."

"ஓம், சுறாதான்," என்றார் யோகலிங்கம்.

"அவனைத் திண்டதை... அவனுக்கே..."

உள்ளே போய் எடுத்துவிடலாம் என்று நினைத்தார். எழும்ப ஏலவில்லை.

4.11. உள்ளே சத்தம்.

தொப்.

நின்றது. பிறகு மறுபடியும்... தொப்.

நடக்கிற சத்தம் இல்லை. ஒற்றைக் காலில் கெந்துகிற சத்தம்.

கதவின் அடியால் குளிர் வந்தது. உப்பு மணம்.

தொப்.

பிறகு எதுவும் இல்லை...

4.19க்குக் கதவைத் திறந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் பூட்டியபடி இருந்தது. அதன் அடியிலிருந்து இலைவரை, கார்பெட்டில் ஈரத் தடங்கள். எல்லாம் இடது பாதம். வந்த தடம் மட்டும்தான். போன தடம் இல்லை.

சோறு வைத்தபடி இருந்தது. வறையை மட்டும் யாரோ மிதித்து நசுக்கியிருந்தார்கள்.

நாலு விரல்.

ரதீசனுக்கு இடது காலில் சின்னவிரல் இல்லை. 2009இல் போரில் ஷெல் பட்டுப் போனது.

"மன்னிச்சுக்கொள்ளடா, தம்பி," என்றார் யோகலிங்கம். துவாயை எடுத்துத் தரையைத் துடைத்தார். அப்போதும் அழவில்லை.

மூன்று நாள் கழித்து பெர்த்திலிருந்து போன் வந்தது. ஒரு பாதம் கரை ஒதுங்கியிருக்கிறதாம். இடது. நாலு விரல். வேறொன்றும் இல்லை. அவர் கேட்டது கிடைத்துவிட்டது.

பொலிஸ் அதிகாரிக்கு ஒரு சந்தேகம். இத்தனை நாள் கடலில் கிடந்த பாதத்தில், விரல் இடுக்குகளில், மஞ்சள் போட்டு வறுத்த தேங்காய்ப்பூ எப்படி வந்தது?

 யோகலிங்கம் போனைக் காதில் வைத்தபடியே அழத் தொடங்கினார்.