ஏலியஸ் காலஸின் படையும் இப்ரிக்கு அப்பால் ஒரு கண்ணாடியும்

2006 ஜூலை. காலை 5.30. அறுபது தண்ணீர் கேன்களோடு அரபு நாட்டுச் சோஹாரிலிருந்து பிக்கப்பில் கிளம்பினோம். ஓட்டுபவர் நசீர். கீழக்கரைக்காரர், அந்த ஊர்க்காரர்கள் அண்ணனை அழைப்பதுபோல் நானும் 'காக்கா' என்பேன். நான் சரித்திரம் படித்துவிட்டு ஸ்டோரில் கேன் எண்ணும் மேதை. இப்ரிக்கு அப்பால் குழாய் பதிக்கும் எட்டுப் பேருக்கு டேங்கர் பழுதாகி, முந்தின மதியத்திலிருந்து ஒரே கேன்தான் மிச்சமாம். "வழி மாலூம்?" என்று அரபி முதலாளி கேட்டார். தெரியும் என்று தலையாட்டினார் காக்கா.

9.15. இப்ரி. பரோட்டா, முட்டை, டீ இந்த ஊர்ப் பணத்தில் முந்நூறு பைசா. தார்ச்சாலையை விட்டு மணலில் இறங்கினோம். இன்னும் நாற்பது கிலோமீட்டர்.

பொழுதுபோக எனக்குத் தெரிந்த ஒரே பாலைவனக் கதையை அவிழ்த்துவிட்டேன். ஏலியஸ் காலஸ், இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தின ரோமானியத் தளபதி. இதே அரேபியாவின் மேற்குப் பக்கம், பத்தாயிரம் பேரோடு சாம்பிராணி நாட்டைப் பிடிக்கப் போனான். நபதேயர் என்ற அரபு இனத்து வழிகாட்டி ஒருவன் தண்ணீரில்லாத பாதையாகப் பார்த்துச் சுற்றவிட்டானாம்.

"சண்டையில செத்தது ஏழே பேரு காக்கா. மத்தவன்லாம் பசி, நோய், களைப்பு."

"போற நேரத்துல பேசுற பேச்சாடா இது?"

11.00. புழுதி எழும்பியது. சூரியன் வெள்ளையாக வெளிறிப்போனது. டயர்த் தடம் பிடித்துப் போனால் காலி கேம்ப். சிமெண்ட் தளம், அறுந்த செருப்புகள், கம்பத்தில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி.

"எடத்த மாத்திட்டானுவ போல," என்றார் காக்கா.

வேறு தடம் பிடித்தோம். அரை மணியில் அதே கண்ணாடி. மூன்றாம் முறை, அதற்குள்ளிருந்து எங்கள் வண்டியே எங்களை நோக்கி வந்தது. நாங்கள் பிடித்துப் போனது எங்கள் தடத்தையேதான்.

"அந்த நபதேயன் மாதிரியே பண்றீங்களே!" என்று கத்தினேன்.

காக்கா எஞ்சினை அணைத்தார். மணல் கதவில் உரசிக்கொண்டிருந்தது.

"எனக்கு வழி தெரியாது தம்பி."

"அப்பறம் ஏன் தெரியும்னீங்க?"

"தெரியாதுன்னா வேற ஆள அனுப்புவான். அப்பறம் அவன்தான் டிரைவர். பதினாலு வருசமா பாக்குறேன், தெரியாதுன்னு சொன்னவன் எவனும் இங்க வேலையில நின்னதில்ல."

1.10. புழுதிக்குள்ளிருந்து ஒருவர் வந்தார். முகத்தில் துண்டு, கையில் காலி கேன். பெரம்பலூர் முருகேசன். இரண்டாவது டம்ளருக்குப் பிறகே குரல் வந்தது.

"மூணு தடவ இந்தப் பக்கமா போனீங்க சார். எட்டு பேரும் வரிசையா நின்னு கையாட்டுனோம். கத்துனோம்."

புழுதியில் நாங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. கேம்ப் அறுநூறு மீட்டரில் இருந்தது.

ஏழு பேர் குடித்தார்கள். யாரும் எங்களைத் திட்டவில்லை. ஒருவர் மட்டும் கண் திறந்தபடி கிடந்தார். காக்கா துண்டை நனைத்து நெற்றியில் போட்டு, உதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டார். வெகு நேரம் கழித்து அவர் கேட்டார்: "வண்டி நெசமாவே வந்துருக்கா?"

4.00. திரும்பினோம். தார்ச்சாலைக்கு ஐம்பதே நிமிடம்; போகும்போது ஏறக்குறைய நாலு மணி நேரம். காலஸுக்கும் போக ஆறு மாதம், திரும்ப இரண்டு மாதம். அந்த வித்தியாசமே வழிகாட்டியின் துரோகத்துக்குச் சாட்சி என்று பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். அந்த ஆளை ரோமில் தலை வெட்டிக் கொன்றார்கள். வழி தெரியுமா என்று தளபதி கேட்டபோது அவன் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

தார்ச்சாலையில் சிக்னல் வந்ததும் முதலாளியின் போன். ஏன் இவ்வளவு லேட்? காக்காவின் கையிலிருந்து போனை நான் வாங்கினேன். டயர் பஞ்சர் என்றேன். காக்காவுக்கு வழி அத்துப்படி என்றும் சொன்னேன்.