ஹார்னெஸ் கேட்டேன், ஹார்னெஸ் வந்தது

சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளில் இருபத்தாறு வருடம் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். கடைசி ஒன்பது வருடம் சைட் சூப்பர்வைசர். புதிதாக டவர் ஏற வருகிறவர்களுக்கு இந்தச் சம்பவத்தைச் சொல்லாமல் விட முடியாது. இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் அடங்குவதில்லை.

1. அட்டைப்பெட்டி

ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் என்றால் எங்களுக்குக் காற்றுச் சீசன். காத்தாடி ஒரு மணி நேரம்கூட நிற்கக் கூடாது என்பார்கள். டெக்னீஷியன் மாரியப்பனின் ஹார்னெஸில் தொடைப்பட்டையின் தையல் பிரிந்திருந்தது. உயரத்தில் கால் தவறினால் ஆளைத் தாங்கிப் பிடிக்கிற பட்டை அது. தென்காசி ஆபீசுக்கு இன்டென்ட், அதாவது பொருள் கேட்கும் சீட்டு, அனுப்பினேன்: "ஹார்னெஸ் ஒன்று. அவசரம்."

பதினோராம் நாள் பெட்டி வந்தது. பிரித்தால் கலர் கலராக ஒயர்க் கட்டு. கன்ட்ரோல் பேனலுக்குப் போடுகிற ஒயரிங் ஹார்னெஸ்.

மாரியப்பன் அதைத் தூக்கிப் பார்த்தான். "அண்ணாச்சி, இதக் கட்டிக்கிட்டா ஏறச் சொல்லுதாவ?"

ஸ்டோர்ஸுக்குப் போன் போட்டேன். "ஹார்னெஸ்னுதான எழுதியிருக்கீரு? அனுப்பியாச்சு. இன்டென்ட் குளோஸ்" என்றார் அங்கிருந்தவர்.

பார்ட் நம்பரை நான் எழுதவில்லை. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்க அவருக்கு வாய் இல்லையா?

2. மேனேஜர் வந்தார்

மறுநாள் காலை ஏழாம் நம்பர் காத்தாடி நின்றுவிட்டது. மேலே போய் ஒரு சென்சார் மாற்ற வேண்டும். இரண்டு பேராகத்தான் ஏற வேண்டும் என்பது விதி. நல்ல ஹார்னெஸ் என்னுடையது ஒன்றுதான். ஏற முடியாது என்று சொல்லிவிட்டேன். பதினோரு மணிக்கு மேனேஜரே ஜீப்பில் வந்து இறங்கினார்.

"பழச மாட்டிக்கிட்டு ஒரு தடவ ஏறட்டும்யா. இத்தன நாளு அதுலதான ஏறுனான்?"

"அப்ப நீங்க போட்டுக்கிட்டு ஏறுங்க சார். நான் கூட வாரேன்" என்றேன்.

அவர் முறைத்தார். அவர் கண் முன்னாலேயே பட்டையின் ஒரு நுனியை நானும் மறு நுனியை மாரியப்பனும் பிடித்து இழுத்தோம். மிச்சத் தையலும் டர்ரென்று விட்டது. மாரியப்பன் தடுமாறிப் பின்னால் விழுந்தான்.

மேனேஜர் சொன்னது இதுதான்: "போட்டோ கீட்டோ எடுக்காதீரு. பட்டைய அந்தால எரிச்சிருங்க."

மாரியப்பன் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தான். "சார், நான் ஏறியிருந்தா, எம்மொவகிட்ட என்ன சொல்லியிருப்பிய?"

அவர் ஜீப்பில் ஏறிப் போனார். நான் போட்டோ எடுத்தேன். நடந்ததை லாக்புக்கில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

அன்று சாயங்காலமே புது ஹார்னெஸ் வந்துவிட்டது. தென்காசி ஸ்டோர்ஸ் ரேக்கிலேயே இருந்ததாம். பதினோரு நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது.

மறுவாரம் மெமோ வந்தது. ஒயர்க் கட்டு அனுப்பியவருக்கு இல்லை, கிழிந்த பட்டையோடு ஆளை ஏற்றச் சொன்னவருக்கும் இல்லை. காத்தாடியை நிறுத்தி வைத்ததற்காக எனக்கு. மன்னிப்புக் கேட்டு எழுதச் சொன்னார்கள். நான் எழுதவில்லை.

இன்டென்டில் வெறும் பெயரை எழுதாதீர்கள். யாருக்கு, எதற்கு, எவ்வளவு உயரத்துக்கு என்று எழுதுங்கள். பிரிந்த பட்டையோடு ஏறச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். அதற்கு மெமோ வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் வாங்கினேன். மாரியப்பன் இன்றும் டவர் ஏறி இறங்குகிறான்.