அக்காவின் மூன்று நிமிடங்கள்

ஐந்து நாள் ஒத்திகை பார்த்தோம். ஐந்து நாளும் மணி அடித்துவிட்டது.

மணி என்றால் நிஜ மணி இல்லை. எவர்சில்வர் டம்ளரும் ஒரு கரண்டியும். சாவித்திரி அக்கா பேசுவார், நான் செல்போனில் நேரம் பார்ப்பேன். மூன்று நிமிடம் ஆனதும் டம்ளரில் ஒரு தட்டு. ஐந்து நாளும் அக்கா விஷயத்துக்கு வருவதற்குள் தட்ட வேண்டியதாகிவிட்டது.

சாவித்திரி அக்கா யாரென்று சொல்லிவிடுகிறேன். சரவணம்பட்டியில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு அடுத்த தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். பெரிய கிரைண்டர்கள் நான்கு, வேலைக்குப் பெண்கள் நான்கு பேர். சுற்றுவட்டார ஹாஸ்டல்களில், ஐ.டி. பிள்ளைகள் தங்கும் மேன்ஷன்களில், காலையில் வேகும் இட்லி பெரும்பாலும் அக்காவின் மாவுதான். என் வீட்டு இட்லியும் அதேதான். அதனால் இந்த விஷயத்தில் நான் நடுநிலையாளன் அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா இரண்டு வருடத்துக்கு முன்னால் மாடி முழுக்க சோலார் தகடு போட்டார். அதில்தான் ஒரு சிக்கல். வெயில் அடிப்பது பகலில். மாவு அரைப்பதோ சாயங்காலம். கோயமுத்தூரில் மத்தியானம் அரைத்த மாவு மறுநாள் காலைக்குள் புளித்து, பாத்திரத்தை விட்டு எழுந்து வெளியே நடக்க ஆரம்பித்துவிடும். ஐந்தரை மணிக்குமேல் அரைத்தால்தான் காலையில் பதம் சரியாக இருக்கும்.

அப்படியானால் பகல் வெயிலில் வரும் கரண்ட்? அது கம்பி வழியாக ஈ.பி.க்குப் போகிறது. சாயங்காலம் அங்கிருந்து அக்கா எடுத்துக்கொள்கிறார். கொடுத்ததையும் எடுத்ததையும் நேருக்கு நேர் கழித்துவிடுவார்கள். இதுதான் இப்போதைய ஏற்பாடு.

இதை மாற்றத்தான் புதிதாக ஒரு வரைவுச் சட்டம். அக்கா அதை எனக்கு விளக்கிய விதம் இது.

"பக்கத்து ஊட்டுல ஒரு டம்ளர் சக்கரை வாங்குனோமுன்னா, திருப்பிக் குடுக்கறப்ப தலை தட்டியா குடுப்போமுங்க? கோபுரமாத்தானுங்க குடுப்போம். ஆனா இவங்க சொல்றதப் பாத்தா, நான் பகல்ல ஒரு டம்ளர் குடுத்தா சாயங்காலம் அரை டம்ளருதான் வருமாமுங்க. அதுவும் போக, டம்ளர் போய்ட்டு வந்த வழிக்குத் தனியா வேற குடுக்கோணுமாமுங்க."

இதைவிடத் தெளிவாக எந்த டி.வி. விவாதத்திலும் நான் கேட்கவில்லை. சட்டம் அப்படியே வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அக்கா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ரெண்டு கிரைண்டர நிறுத்திப்போடோணுமுங்க. நாலு பேர்ல ரெண்டு பேரை வர வேண்டாமுன்னு சொல்லோணும். யாருகிட்டன்னு சொல்றதுங்க? இன்னும் அவங்களுக்குத் தெரியாதுங்க சார்."

உள்ளே நான்கு பெண்கள் ஏதோ ஒரு சீரியல் மாமியாரைத் திட்டிக்கொண்டே உளுந்து கழுவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்களைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அந்தச் சட்டம் பற்றி மக்கள் கருத்துக் கேட்க பீளமேட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். யார் வேண்டுமானாலும் பேசலாம். ஆளுக்கு மூன்று நிமிடம். அதற்குத்தான் இந்த ஒத்திகை.

முதல் நாள் ஒத்திகையில் வணக்கம் மட்டும் இரண்டு நிமிடம் போனது. மேடையில் இருப்பவர்களுக்கு, மண்டபத்தில் இருப்பவர்களுக்கு, வர முடியாமல் போனவர்களுக்கு... "அக்கா, ஒரே வணக்கத்துல முடிங்க" என்றேன்.

"ஏனுங்க, கும்பிட்டு நாலு வார்த்தை கேக்காம எடுத்ததும் எப்படீங்க பேசறது? சண்டைக்குப் போன மாதிரி இருக்காதுங்களா?"

சண்டைக்குத்தானே போகிறோம் என்று சொல்ல வாய் வரை வந்தது. இந்த ஊரில் சண்டையே 'ஏனுங்க'வில்தான் ஆரம்பிக்கும் என்பது நினைவுக்கு வந்து அடங்கிவிட்டேன். கடைசியில் ஒரே ஒரு வணக்கம் என்று பேரம் படிந்தது.

புதன்கிழமை காலை மண்டபத்தில் நல்ல கூட்டம். அக்காவுக்கு டோக்கன் நாற்பத்தொன்று. பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவரைப் பார்த்ததும் அக்காவின் முகம் மலர்ந்தது. அந்தோணி. எங்கள் ஏரியா வயர்மேன். அக்கா வீட்டில், போகிற கரண்டையும் வருகிற கரண்டையும் கணக்கு காட்டும் மீட்டரை மாட்டியவரே அவர்தான். அவர் கையில் டோக்கன் நாற்பத்திரண்டு.

அந்தோணி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அக்கா, நான் உங்களுக்கு எதிராப் பேச வந்திருக்கறேனுங்க. கோவிச்சுக்காதீங்க."

"அதுக்கென்னங்க? உங்க நாயம் உங்களுக்கு. பேசுங்க" என்றார் அக்கா. அடுத்த கேள்வி: "காலைல சாப்ட்டீங்களா?"

சாப்பிட்டிருக்கவில்லை. அக்கா டிபன் பாக்ஸைத் திறந்தார். எதிர்க்கட்சிக்கு நான்கு பொடி இட்லி. எனக்கு இரண்டுதான் வந்தது!

மேடையில் ஐந்து அதிகாரிகள். டோக்கன்படி மக்கள் ஒவ்வொருவராக ஏறிப் பேசினார்கள். ஒரு மில் அதிபர் பேப்பரைப் பார்த்து வேகமாகப் படித்தார். ஒரு கல்லூரிப் பேராசிரியர் படம் போட்டுக் காட்டினார். மூன்று நிமிடம் ஆனால் நிஜ மணியே அடித்தது. மணி அடித்தால் மைக் அணைந்துவிடும். யாருக்கும் சலுகை இல்லை.

நாற்பத்தொன்று.

அக்கா மேடை ஏறினார். ஒரே ஒரு வணக்கம். ஒத்திகைப்படி! நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதானா மேடையில் இருந்த ஒரு பெண் அதிகாரிக்கு இருமல் வர வேண்டும்?

"ஏனுங்க அம்மணி, இப்படி இருமறீங்களே... சுடுதண்ணி கொண்டாரச் சொல்லட்டுங்களா?" என்றார் அக்கா, மைக்கில். மண்டபமே சிரித்தது. அந்த அதிகாரியும் சிரித்துவிட்டார். சரி, அதோடு விடலாம் அல்லவா? ஒருத்தரைக் கேட்டுவிட்டு மற்ற நான்கு பேரைக் கேட்காமல் விட்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? "நீங்கெல்லாம் காலைல இருந்து உக்காந்துட்டே இருக்கறீங்களே, காப்பி குடிச்சீங்களா? ஐயா, உங்களுக்கு ஃபேன் காத்து வருதுங்களா?"

நான் கீழேயிருந்து கை காட்டினேன். அக்கா பார்க்கவில்லை. பிறகு தான் யார், பிறந்தது எந்த ஊர், கட்டிக்கொடுத்தது எந்த ஊர்... ஊரைச் சொல்லாமல் பேரை மட்டும் சொன்னால் அது என்ன அறிமுகம்?

"அப்புறமுங்க, நான் மாவு அரைச்சு யாவாரம் பண்றேனுங்க. எங்கூட்டு மாடியில..."

டிங்.

மைக் அணைந்தது. அக்கா ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு அதே மரியாதையோடு ஐந்து பேரையும் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தார். "சொல்லாமயே வந்துபோட்டேனுங்க சார்" என்றார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த இரண்டு பெண்களை நினைத்திருப்பார். நானும் நினைத்தேன்.

நாற்பத்திரண்டு.

அந்தோணி மைக்கைப் பிடித்தார்.

"ஐயா, நான் வயர்மேனுங்க. எனக்கு முன்னாடி பேசுன அக்கா சொல்ல வந்தது பாதியில நின்னுபோச்சுங்க. அத மொதல்ல சொல்லிப்போட்டு அப்புறம் எம்பட பேச்சுக்கு வாரேனுங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்தோணி சொன்னார். பகல் வெயில், சாயங்கால மாவு, சர்க்கரை டம்ளர்... எல்லாவற்றையும் சொன்னார். காத்திருந்த நேரத்தில் அக்கா அவரிடம் அத்தனையும் கொட்டியிருக்கிறார் போல. மீட்டர் மாட்டிய ஆள் என்பதால் எனக்கே தெரியாத இரண்டு விவரம் சேர்த்துச் சொன்னார். அக்கா ஐந்து நாள் ஒத்திகையில் ஒரு நாள்கூட இவ்வளவு கச்சிதமாகச் சொன்னதில்லை. இரண்டு நிமிடம் அதிலேயே போய்விட்டது.

"இப்ப எம்பட கட்சிங்க. அக்கா மாடியில இருந்து கிளம்புற கரண்டு காத்துல பறந்து போறதில்லீங்க. நாங்க இழுத்த கம்பியிலதானுங்க போகுது. காத்து மழைல கம்பம் சாஞ்சா நாங்கதானுங்க ஏறோணும். அந்தக் கம்பியக் காப்பாத்த யாராச்சும் குடுத்துத்தானுங்க ஆகோணும். சோலார்க்காரங்க யாருமே குடுக்கலீன்னா, என்னையாட்டம் வாடகை ஊட்டுல இருக்கறவன் தலையிலதானுங்க வந்து விழும். எனக்கு ஏதுங்க மாடி? கம்பிக்குக் காசு வாங்குங்க, வேண்டாங்கல. ஆனா பெரிய மில்லுக்கும் எங்கக்கா மாவுக்கும் ஒரே அளவா வெச்சுப்போடாதீங்க."

டிங்.

நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் மாடி கிடையாது. என் தலைக்கு மேல் இரண்டாவது மாடிக்காரர் வீடு. அதற்கும் மேல் மூன்றாவது. ஒத்திகை பார்த்த ஐந்து நாளும் என் மனதின் ஒரு ஓரத்தில் அந்தோணியின் கேள்வி இருந்தது. அக்காவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. அந்தோணி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் அக்காவின் இட்லியைச் சாப்பிட்டார். பிறகு, கிடைத்த மூன்றில் இரண்டு நிமிடத்தை அவருக்கே கொடுத்தார்.

நடுவில் இருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அந்த மாவு அரைக்கிற அம்மா இருக்காங்களா? ஏம்மா, பகல்லயே அரைச்சிட்டா என்ன?"

கேள்வி கேட்டால் பதில் சொல்லலாம். அதற்கு மணி கிடையாது. அக்கா எழுந்தார். ஐயோ, மறுபடி முதலிலிருந்தா என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மத்தியானம் அரைச்சா காலைல புளிச்சுப் போயிருமுங்க. சாயங்காலக் கரண்டு செலவுக்குப் பயந்து கிரைண்டர நிறுத்துனா ரெண்டு பொம்பளைங்க பொழப்புப் போயிருமுங்க."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். அந்த அதிகாரி குனிந்து எழுதினார். வெகுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. சட்டம் எப்படி வரும் என்பதும் தெரியாது. இன்று சாயங்காலம் வரைக்கும் நான்கு கிரைண்டரும் ஓடுகின்றன. அது மட்டும் தெரியும், இங்கே வரை சத்தம் கேட்கிறது.

டி.வி.யில் தினமும் விவாதம் பார்க்கிறோம். எதிராளி பேச ஆரம்பித்தாலே குறுக்கே பாய்கிறோம். எதிராளி சொல்ல வந்தது பாதியில் நின்றுவிட்டதே என்று எடுத்து முடித்துக்கொடுத்த ஆளை நான் முதல்முறையாகப் பார்த்தேன். அக்கா வீணடித்தார் என்று நான் நினைத்த மூன்று நிமிடம் எங்கே போனதென்று இப்போது புரிகிறது. சாப்பிட்டீர்களா என்று கேட்கத் தெரிந்தவருக்கு, இன்னொருவரின் நேரத்திலிருந்து அது திரும்பி வந்தது. தலை தட்டி அல்ல, கோபுரமாகவே.

மறுநாள் அக்கா ஒரு தூக்குவாளி நிறைய மாவை அந்தோணி வீட்டுக்கு அனுப்பினார். வாளி வெறுமனே திரும்பவில்லை. உள்ளே முருங்கைக்காய் இருந்தது.

எழுதி முடித்தபின்தான் கவனிக்கிறேன். பத்திரிகையில் இடம் போதாது என்று பயந்து, எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்துவிட்டேன். அக்கா படித்தால் திட்டுவார்.

எல்லாருக்கும் வணக்கமுங்க... சாப்ட்டீங்களா?