சில்கேயின் பவளத்தொட்டியும் கீழ்வீட்டு பேக்கரிக்காரரும்

ஜெர்மனியின் பிரேமர்ஹாவன் துறைமுகத்தில் சில்கே ஹார்ம்சென் ஓட்டுவது, நாற்காலி மாதிரி நான்கு கால்களோடு கன்டெய்னரின் மேல் வந்து நின்று, அதைக் காலிடுக்கில் தூக்கிக்கொண்டு போகும் வண்டி. உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் அவள். கீழே எந்நேரமும் இரும்பின் மேல் இரும்பு விழும் சத்தம், வண்டிகள் பின்னால் நகரும் ‘பீப் பீப்’. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகும் அந்த பீப் காதைவிட்டுப் போகாது என்பாள். முதலில் முடிதிருத்தும் வேலைதான் கற்றுக்கொண்டாள். நாற்காலியில் உட்காருகிறவர்கள் எல்லாரும் மருமகள் கதையே பேசுகிறார்கள் என்று வெறுத்துப்போய்த் துறைமுகத்துக்கு வந்தவள்.

எங்கள் கட்டடத்தில் அவள் இரண்டாம் மாடி, நான் அதற்கு மேல். அவளுடைய கணவன் ஹாயோ நார்வேக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். போகும்போது நாயைக் கூட்டிக்கொண்டு போனான், கூடத்தில் இருந்த உப்புநீர்த் தொட்டியை விட்டுவிட்டான். கலங்கிய தண்ணீர், பாசி பிடித்த கல், நடுவில் ஒற்றைக் கோமாளி மீன். வாரக் கடைசியில் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிடுவதாக என்னிடம் சொன்னாள். அந்த வாரக் கடைசியில் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் அவள் வீட்டுச் சோபா சுவரோரமாக ஒதுங்கியிருந்தது. அதனிடத்தில் அதைவிடப் பெரிய தொட்டி. ஊதா, பச்சை, ஆரஞ்சு நிறத்தில் பவளங்கள், கோமாளிக்குத் துணையாக இன்னும் சில மீன்கள். யாரோ சுண்டுவிரல் நீளத்துக்கு ஒடித்துக்கொடுத்த மான்கொம்புப் பவளம் ஒன்று கிளைகிளையாக வளர்ந்து கண்ணாடியைத் தொட்டது. எங்கள் ஊர்க் கடல் சாம்பல் நிறம், இறங்கினால் முழங்கால் வரை சேறு. அதற்கு ஈடாக வீட்டுக்குள் ஒரு கடல் வைத்துக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கடல் சும்மா இருக்காது. மேல்தொட்டியில் இருந்து தண்ணீர் ஒரு குழாய் வழியாக, அதைத் தாங்கும் அலமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டிக்கு விழும். அங்கே ஒரு குப்பி அதை நுரைக்கவைத்து அழுக்கைப் பிரிக்கும். பிறகு ஒரு பம்ப் அதை மேலே ஏற்றும். மேலே இரண்டு பம்புகள் அலை எழுப்பும். இது நாள் முழுக்க, வருடம் முழுக்க.

முதல் மாடியில் ஓன்னோ ப்ரூன்ஸ். அறுபதை எட்டிய பேக்கரிக்காரர். ஊர் எழுந்து நடமாடும்போதுதான் அவருக்குத் தூக்கம். அவருடைய கட்டில் சரியாகத் தொட்டிக்கு அடியில், இடையே பழைய மரத்தளம். ஒருநாள் மத்தியானம் பைஜாமாவோடு மாடியேறி வந்து மணியை அழுத்தினார். நான் அப்போது சில்கே வீட்டில்தான் இருந்தேன்.

“ஃப்ராவ் ஹார்ம்சென், உங்க வீட்ல யாராவது ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக்கிட்டே இருக்காங்களா?”

“என்ன சொல்றீங்க ஹெர் ப்ரூன்ஸ்?”

“டம்ளர் காலியான பிறகும் விடாம உறிஞ்சுவாங்களே, கர்ர், கர்ர்னு. அது என் தலைக்கு நேர் மேல கேக்குது. குடிச்சு முடிக்கச் சொல்லுங்க, பாவம், தாகமோ என்னமோ.”

சில்கே சிரிக்கவில்லை. அந்தச் சத்தம் அவளுக்கும் பிடிக்கவில்லை. இரைச்சலில் வேலை செய்துவிட்டு வருகிறவள், வீட்டிலாவது காது ஓய்வெடுக்கட்டும் என்றுதான் அந்தத் தொட்டிமுன் உட்காருவாள். குழாய் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து விழுங்குவதுதான் காரணம் என்று கண்டுபிடித்தாள். குழாயில் ஒரு வால்வு பொருத்தி, காற்றுக்கு இடமே இல்லாமல் அது முழுக்கத் தண்ணீரால் நிறையும்படி திருகினாள். ஒரு மயிரிழை கூடினால் உறிஞ்சும், குறைந்தால் மேல்தொட்டி நிரம்பித் தரையில் வழியும். திருகி, காத்திருந்து, மறுபடி திருகி, சரியாக வந்ததும் தொட்டியில் வளரும் ஒரு நத்தை போய்க் குழாயின் வாயில் உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் முதலில் இருந்து.

ஒருவழியாக உறிஞ்சல் நின்றது. மறுவாரம் படிக்கட்டில் ஓன்னோவைப் பார்த்து, “இப்ப எப்படி இருக்கு?” என்றாள்.

“உறிஞ்சறவர் போயிட்டார். இப்ப யாரோ ஷேவ் பண்ணிக்கிறார்.”

அது பம்பின் ரீங்காரம். முன்பும் இருந்ததுதான், உறிஞ்சலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பம்பின் அடியில் ரப்பர் வைத்தாள். கெட்டிக் குழாயைக் கழற்றிவிட்டு மெத்தென்ற குழாய் போட்டாள். ரீங்காரம் அடங்கியதும் நுரைக்கும் குப்பி காற்றை இழுக்கும் ‘உஸ்ஸ்’ வெளியே வந்தது. அதற்கு ஒரு மூடி போட்டாள். அப்போது ஓர் அலை பம்ப் கண்ணாடியில் அதிர்ந்து ‘டிர்ர்’ என்றது.

“இது என்ன வெங்காயமா?” என்று என் சமையலறையில் வந்து கத்தினாள். “ஒண்ணை உரிச்சா உள்ளே இன்னொண்ணு. உனக்கு மேல கேக்குதா? உண்மையைச் சொல்லு.”

“எனக்கு உன் கத்தல்தான் கேக்குது,” என்றேன்.

“நக்கல் பண்ணாதே. அந்த மனுஷன் கிண்டல் பண்ணாம நேரா சண்டைக்கு வந்தாக்கூடப் பரவாயில்லை. நேத்து என்ன சொன்னார் தெரியுமா? ‘ஷேவ் பண்ணி முடிச்சிட்டார், இப்ப தலைமுடியைக் காய வைக்கிறார்’னு.”

துறைமுகத்தில் இருந்து வந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அலமாரி முன் மண்டியிட்டு உட்காருவாள். மீன்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். பவளம் விரிந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்று கேட்டால் தெரியாது. எந்தத் திருகாணி எந்தச் சத்தம் போடும் என்பது மட்டும் தெரியும். கடைசியில் கோடைகாலம் தொடங்கியபோது, சத்தத்தைத் தடுக்கக் கார் கதவுகளுக்குள் ஒட்டுகிற கனமான கறுப்பு ஷீட்டை வாங்கிவந்து அலமாரியின் உள்பக்கம் முழுக்க ஒட்டினாள். அதன் மேல் பஞ்சு. கதவு விளிம்பில் ரப்பர். காற்றுப் போக வைத்திருந்த ஓட்டையையும் அடைத்தாள். கதவைச் சாத்தினால் குளிர்சாதனப் பெட்டி மாதிரி ‘பொத்’ என்று மூடிக்கொண்டது. உள்ளே புழுக்கத்தில் உப்பீரம் திரண்டு சுவரெல்லாம் வேர்த்தது. அதை அவள் கவனிக்கவில்லை. காதை வைத்துத்தான் பார்த்தாள். இன்னும் மெல்லிசாக ஒரு ‘ம்ம்ம்’ வருகிறது என்றாள்.

ஜூலையில் இங்கே அபூர்வமாக வரும் வெயில். காலை ஷிப்ட் முடிந்து அவள் வந்தபோது படியில் சந்தித்தோம். கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றாள். கையை உயர்த்தி என்னையும் நிறுத்தினாள்.

“கேக்குதா?”

“ஒண்ணும் கேக்கலை.”

“அதைத்தான் சொல்றேன்! ஒண்ணும் கேக்கலை!”

என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துச் சமையலறையில் உட்காரவைத்தாள். தேநீர் வைத்தாள். கோப்பையில் போட்ட கற்கண்டின் மேல் சுடுதேநீர் ஊற்றும்போது அது வெடிக்கிற சின்னச் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. “பாரு, கற்கண்டு உடையறது கேக்குது என் வீட்ல!” என்றாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை. மணி அடித்தது. ஓன்னோ. இந்த முறை பைஜாமா இல்லை, தலை வாரியிருந்தார். கையில் வெண்ணெய் கேக் பொட்டலம்.

“ஃப்ராவ் ஹார்ம்சென், உங்களைக் கட்டிப் பிடிச்சுக்கலாம் போல இருக்கு. குழந்தை மாதிரி தூங்கினேன். கிண்டல் பண்ணதுக்கெல்லாம் மன்னிச்சிடுங்க.”

“அந்த ஷீட்டுதான்,” என்றாள் சில்கே பெருமையாக. “அதோட பஞ்சும்.”

மூவரும் கேக் சாப்பிட்டோம். ஓன்னோ இரண்டாவது கோப்பையைக் குடித்துவிட்டு, இத்தனை நாள் தன்னைப் படுத்திய மீன்களை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்றார். கோப்பையும் கையுமாகக் கூடத்துக்குப் போனோம். கூரையில் தொங்கிய விளக்கு நீலமாக எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் நின்றது.

“எவ்வளவு அமைதியா இருக்கு,” என்றார் ஓன்னோ. “மீன் எல்லாம் நம்மளப் பாக்க மேல வந்திருக்கே!”

மீன்கள் மேற்பரப்பில் வாயை வைத்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தன. மஞ்சள் மீன் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

சில்கேயின் கோப்பை தரையில் விழுந்தது. ஓடிப்போய் அலமாரிக் கதவை இழுத்தாள். உள்ளிருந்து வெந்த காற்று முகத்தில் அடித்தது. பம்புகள் எல்லாம் சொருகியிருந்த பிளக் பலகையில் உப்பு பூத்து, ஈரம் இறங்கி, அதன் பாதுகாப்புச் சுவிட்ச் விழுந்திருந்தது. அழுத்தினாள். டக் என்று மறுபடி விழுந்தது. மறுபடி அழுத்தினாள். டக்.

“சமையலறையில இருந்து வயர் இழு!” என்று என்னிடம் கத்தினாள். “ஹெர் ப்ரூன்ஸ், ஜாடியை எடுங்க! தண்ணியை மொண்டு மேல இருந்து ஊத்துங்க! உயரத்துல இருந்து! காத்து கலக்கணும்!”

ஓன்னோ தன்னுடைய நல்ல சட்டையின் கையை மடித்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். மாவு பிசைந்தே தடித்த கைகள். மொண்டு ஊற்றினார், மொண்டு ஊற்றினார், நிறுத்தவேயில்லை. சட்டை, தரை, என் செருப்பு எல்லாம் உப்புநீர். நான் இழுத்துவந்த வயரில் சில்கே அலை பம்புகளைச் சொருகினாள். தண்ணீர் அசையத் தொடங்கியது. கோமாளி மீன் மெல்லக் கீழே இறங்கியது. மஞ்சள் மீன் எழவில்லை, இன்னொன்றும் போய்விட்டது. மான்கொம்புப் பவளத்தின் தோல் கஞ்சி ஆடை மாதிரி உரிந்து மிதந்தது. அடியில் வெள்ளை எலும்பு. அழுகல் வாடை வந்தது.

சில்கே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எப்ப நின்னதுன்னுகூடத் தெரியலை,” என்றாள்.

ஸ்டூலில் நின்றபடியே ஓன்னோ தொண்டையைச் செருமினார். “எனக்குத் தெரியும். நான் படுத்துக் கொஞ்ச நேரத்துல நின்னுது. கடவுளே நன்றின்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்தேன்.”

“காலையிலேயேவா?” அவள் எழுந்துவிட்டாள். “காலையில இருந்து இதுங்க மூச்சு முட்டிக்கிட்டு இருக்கு, நீங்க கடவுளுக்கு நன்றி சொல்லிட்டுத் தூங்கினீங்களா? வெண்ணெய் கேக் வேற!”

“எனக்கு எப்படிம்மா தெரியும்? இத்தனை மாசமா நிறுத்து நிறுத்துன்னேன், நின்னுது, நீங்கதான் நிறுத்துனீங்கன்னு நினைச்சேன்.”

அவர் சொன்னது நியாயம் என்பதே அவளை இன்னும் எரியவைத்தது. அலமாரிக்குள் கையைவிட்டுக் கறுப்பு ஷீட்டைப் பிடித்து இழுத்தாள். நன்றாகத்தான் ஒட்டியிருந்தாள், வரவில்லை. கத்தியால் கிழித்தாள், நகம் உடைந்தது. எல்லாவற்றையும் விற்றுவிடப்போகிறேன், கூடத்தில் பழையபடி சோபா போடப்போகிறேன் என்று அழுகையும் கோபமுமாகச் சொன்னாள். ஓன்னோ இறங்கிவந்து எங்களோடு சேர்ந்து தரையைத் துடைத்தார். போகும்போது வாசலில் நின்று, “பேரைச் சொல்லியே கூப்பிடலாமே. நான் ஓன்னோ,” என்றார். சேர்ந்து தரையைத் துடைத்த பிறகு மரியாதைக்கு ‘ஹெர்’ என்றும் ‘ஃப்ராவ்’ என்றும் கூப்பிடுவது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கை கொடுத்தாள்.

அவள் விற்கவில்லை. பவளத்தில் உயிரோடிருந்த நுனிகளை ஒடித்து வேறு கல்லில் ஒட்டினாள். பிளக் பலகையை வெளியே, உயரத்தில் மாட்டினாள். வேலையில் இருக்கும்போது போனில் பார்க்கத் தொட்டிமுன் ஒரு கேமரா வைத்தாள். காற்று ஓட்டையைத் திறந்தாள். ஓட்டையைத் திறந்ததும் ரீங்காரம் திரும்பியது, கொஞ்சம்தான், ஆனால் திரும்பியது. அத்தனை மாத உழைப்பும் வீண் என்று அவளுக்கு ஆத்திரம்.

அதைவிட ஆத்திரம் ஓன்னோவால் வந்தது. இனிமேல் சத்தம் நின்றால் நானே சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதை மிகவும் சிரத்தையாகக் காப்பாற்றினார். கன்டெய்னர் தொங்கிக்கொண்டிருக்கும்போது அவளுக்குப் போன் வரும்.

“சில்கே, சத்தம் வரலை.”

“ஓன்னோ, நான் வேலையில இருக்கேன். கேமராவுல பாத்தேன், ஓடுது.”

“எனக்குக் கேக்கலையே?”

“ஜன்னல் திறந்திருக்கா?”

“ஆமா.”

“மூடிட்டுக் கேளு.”

ஜன்னல் சாத்தும் சத்தம். “ஆங், வருது. ஆனா முன்ன மாதிரி இல்லை. சுதி கொஞ்சம் இறங்கியிருக்கு.”

அவருக்கு இப்போது தூக்கமே வருவதில்லை. முன்பு சத்தம் வந்ததால் தூங்கவில்லை. இப்போது சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பதால் தூங்குவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்த பிறகு சண்டை போடுவதும் சுலபமாகிவிட்டது. “உன்னால எனக்குக் கண்ணுக்குக் கீழ பை தொங்குது” என்று அவர் படிக்கட்டில் கத்துவார். “உன்னை யாருய்யா கேக்கச் சொன்னது?” என்று அவள் மேலே இருந்து கத்துவாள். தொட்டியின் சத்தம் எனக்கு என்றைக்குமே கேட்டதில்லை. இவர்கள் சத்தம் மூன்றாம் மாடி வரை வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். அலமாரி முன்னால் இருவரும் மண்டியிட்டு, ஆளுக்கொரு கதவில் காதை வைத்திருந்தார்கள். புதிதாக ஒரு ‘டிக்’ வருகிறதாம். பம்பின் அச்சு தேய்ந்திருக்கிறது என்கிறாள் அவள். இல்லை, குழாய் வெயிலில் விரிகிறது என்கிறார் அவர்.

“நீயே கேட்டுச் சொல்லு,” என்றாள் சில்கே.

நானும் மண்டியிட்டுக் காதை வைத்தேன். பொறுமையாகத்தான் கேட்டேன். “எனக்கு ஒண்ணும் கேக்கலை,” என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் காது டாக்டரிடம் போகவேண்டும் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.