இரண்டாவது பீப்பாவில் இருந்த அப்பிள் சாறு

ஒக்டோபர் முதல் சனிக்கிழமை எங்கள் கோயில் பெண்கள் நாங்கள் சுவிஸின் துர்கவ் மாநிலத்துக்கு, சைடர் பிழிகிற தோட்டம் பார்க்கப் போனோம். இங்கே சைடருக்கு, அதுதான் புளித்த அப்பிள் சாற்றுக்கு, மோஸ்ட் என்று பெயர். எனக்கு அப்பிளில் ஆசை இல்லை. புஷ்பம் வருகிறாள் என்றார்கள், போனேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவளும் நானும் அந்தப் பக்கம்தான் அப்பிள் பிடுங்கினோம். காலை இடைவேளைக்குத் தோட்டக்காரி தந்த சாற்றை நான் ஜூஸ் என்று குடித்தேன். இனித்தது. பிறகு தலை சுற்றி ஏணியடியில் இருந்துவிட்டேன். நான் குடிகாரி என்று புஷ்பம் எல்லாரிடமும் சொன்னாள். அதன்பிறகு கோயில் சமையலில் தேங்காய் துருவக்கூட என்னை விட்டதில்லை. அந்தச் சொல்லை அவள் வாயாலேயே திருப்பி எடுக்க வைக்க வேண்டும்.

எங்கள் ஓல்டனில் காலை 7.30க்கு ரயில் ஏறி, சூரிச்சில் மாறி, வைன்பெல்டனில் இறங்கி பஸ் பிடித்தோம். காத்திருப்போடு இரண்டு மணித்தியாலம் பிடிக்கும்.

இந்த மோஸ்ட்டை முதலில் யார் கண்டுபிடித்தது என்று தோட்டக்காரரிடம் எனக்குத் தெரிந்த டொச்சில், அதாவது ஜெர்மன் பாஷையில், கேட்டேன். “ஒருவரும் இல்லை, சாற்றை அப்படியே விட்டால் தன்பாட்டில் புளித்துப் பொங்கும்” என்றார். ரோமர் குடித்தார்களாம். மடத்துத் துறவிகள் மரம் வைத்தார்களாம். வயலில் வேலை செய்தவர்களுக்குத் தண்ணீருக்குப் பதில் இதுதானாம். சூடாக்கி, புளிக்காமல் போத்தலில் அடைக்கப் பழகியது பிந்தித்தான். சுண்ணாம்பு தடவிய முட்டியில் கருப்பணியாக இனிக்கிற பனஞ்சாறு, தடவாத முட்டியில் கள்ளாவது போலத்தான், வேறென்ன?

இரண்டு பீப்பா காட்டினார். முதலாவது அன்று பிழிந்தது. இரண்டாவது சில நாள் பழசு. இனிப்புப் போகவில்லை, ஆனால் வெறி ஏறிவிட்டது. புஷ்பம் இதொன்றையும் கேட்கவில்லை, படம் எடுத்துக்கொண்டு நின்றாள். பிறகு நேரே இரண்டாவது பீப்பாவுக்குப் போனாள். நான் வாய் திறக்கவில்லை.

“அக்கா, ஊர்க் கருப்பணி மாதிரியெல்லே இருக்கு!”

மூன்றாவது கோப்பையோடு மேசையைப் பிடித்தாள்.

“அது வெறிக்கிற சாமான், புஷ்பம்.”

“ஐயோ, எனக்கென்ன தெரியும்? இனிச்சுதே!”

“எனக்கும் அண்டைக்கு இனிச்சதுதான். இப்ப நான் குடிகாரி இல்லையெண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லு.”

“உந்தப் பழங்கதையை இன்னும் காவிக்கொண்டு திரியிறியளோ?” என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

“பாவம், தெரியாமக் குடிச்சிட்டா” என்று எங்களோடு வந்த கோயில் ஐயரின் மனைவி, ஐயரம்மா, புஷ்பத்தின் முதுகைத் தடவினா.

மறுநாள் கோயிலில் பொங்கல் கிண்டியது புஷ்பம்தான். நான் வரிசையில் நின்று வாங்கினேன்.

போகிறவர்கள் செப்டெம்பர் கடைசியில் இருந்து போகலாம். புல் ஈரம், பழைய சப்பாத்துப் போடுங்கள். குடிக்க முதல் எந்தப் பீப்பா என்று கேளுங்கள். யாரோடு போகிறீர்கள் என்பதை அதற்கும் முதல் பாருங்கள்.