கள்ளிக்குப் பாதை கொடுத்த கதை

என்னைப் போன்ற முட்டாளைத் தென்காசி வட்டாரத்தில் தேடிப் பிடிப்பது சிரமம். எந்தச் செடி எந்தத் தேசத்திலிருந்து வந்தது என்று ஒப்பிப்பேன். அதை வெட்டினால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியாது. அப்போது நான் ஓவிய வாத்தியார். கரும்பலகையில் செடி வரைவதற்காக ஒரு புத்தகத்தைப் புரட்டியதில் வந்த ஞானம் அது.

இலஞ்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பொதுக் கிணறு. அதற்குப் போக எங்களுக்கு ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. குற்றால சீசனுக்கு ஐந்தருவியில் நாலு நாள் குளித்துவிட்டு வந்து பார்த்தால், பாதையின் குறுக்கே வரிசையாகச் சப்பாத்திக்கள்ளி. நட்டவர் பக்கத்துத் தென்னந்தோப்புக்கார அண்ணாச்சி. என் மனைவி குடத்தோடு தெருவைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

முதலில் அறிவால் அடிக்கலாம் என்று போனேன்.

"அண்ணாச்சி, உங்க வேலி நம்ம ஊருச் செடியே இல்ல. சப்பாத்திக்கள்ளி மெக்சிகோ. அந்தா நிக்கிற திருகுகள்ளி ஆப்பிரிக்கா. ரணகள்ளி மடகாஸ்கர். சோத்துக்கத்தாழை அரேபியா. பிரண்டை ஒண்ணுதான் நம்ம சாதி."

"அப்ப மெக்சிகோக்காரன்ட்ட போயி பிராது குடும், வாத்தியாரே."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரை என்னென்ன செய்யலாம் என்று படுத்துக்கொண்டே யோசித்தேன். பெரும்பாலான யோசனைகளுக்குத் தைரியம் தேவைப்பட்டதால் கைவிட்டேன்.

அவர் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்காக வீரகேரளம்புதூர் போன அன்று அரிவாளை எடுத்தேன். வரிசை முழுவதையும் வெட்டிச் சாய்த்தேன். ஆத்திரம் தீராமல் ஒவ்வொரு மடலையும் தனித்தனியாகத் துண்டித்தேன். வந்ததும் பிணங்களைப் பார்க்கட்டும் என்று பாதை நெடுகப் பரப்பியும் வைத்தேன். அதுவரை என் வாழ்நாளில் அவ்வளவு இன்பமான மத்தியானம் வாய்த்ததில்லை.

சாயங்காலம் மனைவி கொண்டை ஊசியால் என் உள்ளங்கையில் முள் எடுத்தாள்.

"மெதுவா எடுட்டி."

"ஏன், மெக்சிகோ முள்ளுக்கு வலி கூடவோ?"

அண்ணாச்சி திரும்பி வந்தார், பார்த்தார். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அந்தச் சிரிப்புக்காகவே துண்டுகளை அள்ளாமல் விட்டேன். கிடக்கட்டும், தினம் பார்த்து வேகட்டும் என்று. குற்றாலத்துச் சாரல் இலஞ்சிவரை இறங்கியது. மாதம் ஒன்று போனதும் பார்க்கிறேன், ஒவ்வொரு துண்டும் மண்ணில் வேர் விட்டு, தலையில் புது மடல் வைத்து நிற்கிறது. முன்னே இருந்தது ஒரு வரிசை. இப்போது பாதை முழுவதும் கள்ளிதான். சந்தைக்கு வந்தவர்கள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

வேறு வழியில்லாமல் தோப்புக்குப் போனேன். அவர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கள்ளிய எடுத்துட்டுப் பாதைய விட்ருங்க. வீட்டுல அவ சுத்திப் போயிதான் தண்ணி எடுக்கா."

அவர் நிமிரக்கூட இல்லை.

"நான் வச்சதத்தான் நீரு வெட்டிட்டீரே, இது நீரு வச்சதுல்லா."