பட்டரவாக்கம் வரை ஆங்கிலத்தில்

அன்று ஜெயா தமிழிலேயே பேசியிருந்தால் அந்த வேலை கிடைத்திருக்குமா? எனக்குத் தெரியாது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு நேர்காணலுக்குப் போகிறவர்கள் வழி கேட்டு எழுதுவதால் தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் போன பயணத்தைச் சொல்கிறேன். கட்டணங்கள் அன்றையவை.

ஆவடியில் ஒரு துணிக்கடை மாடியில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடந்தது. எம்.ஏ. முடித்தும் பேச வராததால் நானும் சேர்ந்திருந்தேன். ஜெயா பக்கத்து பெஞ்சு. அவள் கணவர் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வகுப்பில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தால் பரிதாபப்படுவார்கள் என்று பொட்டு வைத்துக்கொண்டு வருவாள்.

வெள்ளைக்காரர்கள் பேசுவது போல இயல்பாக வரவேண்டும் என்று மாஸ்டர் தினம் இரண்டு மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்யவைப்பார். எந்தக் கேள்விக்கும் அவற்றில் ஒன்றைக் கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். ‘கஷ்டத்தை இன்டர்வியூ ரூமுக்குள்ள கொண்டுபோகாதீங்க’ என்பார். எனக்கு இதில் நம்பிக்கை இருந்ததில்லை.

காலை 9.10க்கு ஆவடியில் ரயில். டிக்கெட் மூன்று ரூபாய். பட்டரவாக்கம் நான்காவது நிறுத்தம், சுமார் ஒன்பது கிலோமீட்டர். நேர்காணலுக்குப் போகிறவர்கள் வழியெல்லாம் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்பது வகுப்பு வழக்கம். அதற்குத்தான் நான் துணை. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ, பதினைந்து ரூபாய். அதிலும் ஆங்கிலத்தை விடவில்லை.

“இன்னாக்கா, ரெண்டு பேரும் இங்கிலீஸ்ல பின்னிக்கினு வர்றீங்க? பத்து ரூபா ஏத்திக் கேட்டிருக்கணும் நானு” என்றார் ஓட்டுநர்.

“வேலை கெடைக்கட்டும்ணே, திரும்பும்போது ஏத்தித் தரேன்” என்றாள் ஜெயா. அன்று அவள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

அது தோல் பொருட்கள் ஏற்றுமதி செய்யும் சின்னக் கம்பெனி. வரவேற்பாளர் வேலை. அறையைப் பாதி உயரத்துக்குப் பலகை வைத்துத் தடுத்திருந்ததால் வெளியே பெஞ்சில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. எதற்கு இந்த வேலை என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள்.

“ஐ வான்ட் டு ஸ்ப்ரெட் மை விங்ஸ், சார்.” சிறகு விரிக்க வேண்டுமாம். ஒரு தடுமாற்றமும் இல்லை.

வீட்டில் கணவர் என்ன சொல்கிறார் என்பது அடுத்த கேள்வி. கல்யாணமான பெண்கள் எல்லோருக்கும் மாஸ்டர் கொடுத்திருந்த பதில் ஒன்றுதான்.

“ஹி ஸ்டேண்ட்ஸ் பை மீ த்ரூ திக் அண்ட் தின்.” இன்பத்திலும் துன்பத்திலும் கூடவே நிற்கிறாராம்.

அவள் விண்ணப்பத்தைப் புரட்டும் சத்தம்; அதில் முகவரி இன்னும் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ்தான். பிறகு அந்த அதிகாரி தமிழுக்கு மாறினார். “நல்லா பேசறீங்கம்மா. ஆனா உங்க வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலை இருக்கு, குவார்ட்டர்ஸ் இருக்கு. கஷ்டத்துல இருக்கற ஒருத்தருக்கு இதைக் கொடுக்கலாம்னு பாக்கறோம்.”

ஜெயா சொல்லிவிடுவாள் என்று எழுந்து நின்றேன். “தேங்க் யூ, சார்” என்ற குரல்தான் கேட்டது.

கம்பெனி கேட் அருகே அதே ஆட்டோ. “இன்னாக்கா, ஏத்திக் குடுக்கறியா?”

“நடந்தே போறோம்ணே.”

கொஞ்ச தூரம் போனதும், “அப்பவாவது சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“எப்படிக்கா? இப்பதான் கூட நிக்கறார்னு சொன்னேன். அடுத்த நிமிஷமே செத்துட்டார்னா?”

போகிறவர்களுக்கு: ஸ்டேஷனிலிருந்து தொழிற்பேட்டைக்கு நடக்க அரைமணி நேரம் வையுங்கள். நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். மனப்பாடம் செய்த பதில் இருந்தால் அதை உங்கள் நிலைமையோடு ஒருமுறை ஒட்டிப் பாருங்கள். கேட்பவர்கள் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

மறுநாள் வகுப்புக்கு ஜெயா பொட்டில்லாமல் வந்தாள். நேர்காணல் எப்படிப் போனது என்று மாஸ்டர் உற்சாகமாகக் கேட்டார். அவள் எழுந்து நின்றாள்.

“என் வீட்டுக்காரர் செத்து நாலு மாசம் ஆச்சு, சார்.”

மாஸ்டர் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு, பழக்கம்தான் என்று நினைக்கிறேன், “இன் இங்கிலீஷ், ப்ளீஸ்” என்றார்.